பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் பாடம்

லண்டன்

தமிழ்நாட்டிலிருந்து இங்கே மருத்துவமனை வேலைக்கு வந்து சேரும் நர்சுகளுக்கு முதல் வாரமே ஒரு லாகின் கொடுத்துவிடுகிறார்கள். தீத்தடுப்பு, தொற்றுத் தடுப்பு, நோயாளியைத் தூக்கி மாற்றும் முறை, தகவல் பாதுகாப்பு, குழந்தைகள் பாதுகாப்பு என்று கட்டாயப் பாடங்கள் வரிசையாக நிற்கும். பிரிட்டனில் சுகாதாரப் பணியாளர்கள் எல்லாரும் படித்தாக வேண்டிய அடிப்படைப் பட்டியலில் 11 தலைப்புகள். செய்முறை தேவைப்படும் ஒன்றிரண்டைத் தவிர, பெரும்பகுதியைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஸ்லைடு ஓடும், கீழே ‘அடுத்து’ என்றொரு பொத்தான், கடைசியில் சில கேள்விகள், ஒரு சான்றிதழ். கெடு தாண்டினால் மேலாளரிடமிருந்து மெயில் வரும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் நடுவே, டீ குடிக்கக் கிடைத்த இருபது நிமிடத்தில் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிற நர்சைக் குறை சொல்ல முடியாது. பத்து வருடமாகத் தன் கையால் செய்துவரும் வேலையைப் பற்றி, எதுவும் தெரியாதவரிடம் பேசுவதுபோல் பேசும் பாடம் அது. வேறு மருத்துவமனைக்கு மாறினால் அதே பாடத்தை முதலிலிருந்து முடிக்க வேண்டும் என்ற நிலை நெடுநாள் இருந்தது. அதைச் சீர்செய்யும் வேலையில் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். அண்மையில்தான் இறங்கியிருக்கிறது.

இதே நாட்டில், இதே நர்சுகளுக்கு இன்னொரு விதியும் உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு நர்சும் 35 மணி நேரம் தொழில் சார்ந்து கற்றதைக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனியாகத் திரையைப் பார்த்தது மட்டும் போதாது என்று நர்சுகளின் பதிவு மன்றமே எழுதி வைத்திருக்கிறது. கட்டாயப் பாடங்களைத் தயாரித்தவர்கள் இந்த 20 மணி நேரத்தின் பொருளை யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெரிய அளவில் பார்த்தாலும் தனியாளும் திரையும் மட்டுமாக இருக்கும் படிப்பு ஒப்பேறுவதில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய ஆன்லைன் வகுப்புகளின் பல ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2017-18-ல் பெயர் பதிந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். காசு கட்டிச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களிலும் பாதிப்பேர்கூடத் தேறவில்லை, தேறியவர்கள் 46 சதவீதம்தான். உலகத்தின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் நடத்திய, எந்த ஊரிலிருந்தும் பார்க்கக்கூடிய பாடங்களுக்கே இந்தக் கதி.

தனியாளும் திரையும் போதாதென்றால் வேறு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்கு மதுரை அண்ணா நகரில் ஒரு பதில் இருக்கிறது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை மதுரைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கக் கற்று, ஆயிரக்கணக்கான கண்களுக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர். அந்த மருத்துவமனையின் முதுகெலும்பு டாக்டர்கள் மட்டுமே என்று நினைப்பது தவறு. அங்கே வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ‘சிஸ்டர்’ என்று அழைக்கப்படும் இளம்பெண்கள். பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்தவர்கள். மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துக் காட்டு வேலைக் குடும்பங்களின் பெண்கள். பெற்றோரையும் வரவழைத்துப் பேசித்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு. கண்ணின் அமைப்பு, நோயாளியிடம் பேசும் விதம் என்ற அடிப்படையில் தொடங்கி, பார்வைப் பரிசோதனை, அறுவை அரங்கு, வார்டு, ஆலோசனை என்று பிரித்து, மூத்த சிஸ்டர் பக்கத்தில் நிறுத்திப் பழக்குகிறார்கள். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அப்படித் தயார் செய்யும் கைகள் இந்தப் பெண்களுடையவை.

கணினி வந்தபோது மருத்துவமனை இந்தப் பழக்கத்தைக் கைவிடவில்லை. திரையைக் கொண்டுபோய் அதே பழக்கத்துக்குள் வைத்தார்கள். 2000-க்குப் பிந்தைய முதல் பத்தாண்டில் தேனியில் உள்ள அரவிந்த் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் திறக்கப்பட்டன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் புரூவர் நடத்திய ஆய்வுக் குழு, சாதாரண வைஃபை கருவிகளையே உயரமான கம்பங்களில் திசை ஆன்டெனாவோடு பொருத்தி, பல கிலோமீட்டர் தாண்டி வீடியோ போகும்படி செய்து கொடுத்தது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் இருப்பார். பதிவு, கண்ணாடி, ஊருக்குள் போய்வரும் வேலைகளுக்கு இன்னொருவர். சிஸ்டர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்து, கண்டதைக் கணினியில் பதிவார். தாய் மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அதைப் பார்த்து, நோயாளியிடம் வீடியோவில் பேசி முடிவு சொல்வார். மையத்துக்கு வரும் எல்லா நோயாளிக்கும் இதுதான் நடைமுறை.

வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் இதை டெலி மெடிசின் என்று எழுதிவிட்டுப் போனார்கள். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரி. சிஸ்டரின் பக்கத்திலிருந்து பார்த்தால், நாள் முழுக்க நடக்கும் வகுப்பு இது. காலையில் வந்த பெரியவருக்குப் புரை என்று அவர் எழுதியிருப்பார். டாக்டர் கண் அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார். அடுத்த முறை அதே போன்ற கண் வந்தால், டாக்டர் கேட்பதற்கு முன்பே கை கருவிக்குப் போய்விடும். தான் எழுதியதும் டாக்டர் சொன்னதும் எங்கே விலகின என்பது ஒவ்வொரு நோயாளியிலும் உடனுக்குடன் தெரிகிறது. முழு நேரம் வேலை செய்துகொண்டே, யாரும் ‘அடுத்து’ பொத்தானை அழுத்தாமல், இப்படிக் கற்றுக்கொள்ளும் ஊழியர்கள் உலகத்தில் எத்தனை இடத்தில் இருப்பார்கள்? இப்போது அரவிந்தின் இந்த மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

இப்படிக் கற்றது மனதில் நிற்கும் என்பதற்கு மனோதத்துவ ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை இன்று கல்வியாளர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஒன்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஸ்லைடு பார்ப்பது திரும்பப் படிப்பது. டாக்டர் பார்ப்பதற்கு முன் சிஸ்டர் தானாக ஒரு முடிவு எழுதுவது நினைவிலிருந்து எடுப்பது.

தேனியின் கம்பங்கள் நிலைத்து நின்றதற்குப் பின்னாலும் ஒரு பயிற்சிக் கதை உண்டு. மின்சார ஏற்ற இறக்கத்தில் கருவிகள் அடிக்கடி பழுதாயின. ஒவ்வொரு முறையும் பெர்க்லியிலிருந்து ஆள் வர முடியாது. ஆகவே உள்ளூர் ஊழியர்களுக்கே கோளாறைக் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் குழு 2008-ல் வெளியிட்ட கட்டுரை, ரேடியோ அலைகளுக்குக் கொடுத்த அதே அக்கறையோடு இதையும் பேசுகிறது.

மதுரைக்கு வடகிழக்கே மேலூரில் இன்னொரு விதமாக நடந்தது. சென்னை ஐ.ஐ.டி., ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகியவை சேர்ந்து 2001-ல் தொடங்கிய ‘சாரி’ திட்டம், மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கடைகளைத் திறந்தது. சான்றிதழுக்கு மனு, கணினிப் பயிற்சி, அரவிந்துக்குக் கண் படம் அனுப்பி ஆலோசனை கேட்பது என்று எல்லாம் அங்கே நடந்தது. சில ஆண்டுகளில் பல கடைகள் மூடப்பட்டன. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் ஏன் என்று ஆராய்ந்தபோது, வருமானம் போதாததே முதல் காரணமாகத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சி பெற்ற தனி ஆள் ஒருவரை வைத்து நடத்திய கடைகள் மற்றவற்றைவிடத் தாக்குப் பிடித்தன. மேலூரில் இணையம் எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். உட்கார்ந்திருந்த ஆளில்தான் வேறுபாடு.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பது மதுரைக்குப் புதிதும் இல்லை. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கிய 1971-லேயே மதுரைப் பல்கலைக்கழகமும் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியது. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்று சொல்லாத குடும்பம் தென்மாவட்டங்களில் குறைவு. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கண்டக்டர்கள், திருமணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் என்று எத்தனையோ பேர் தபாலில் வந்த புத்தகத்தை வைத்துப் பட்டம் வாங்கினார்கள். சம்பள உயர்வும் பதவி உயர்வும் அந்தப் பட்டத்தோடு கட்டப்பட்டிருந்ததால் தூக்கத்தைத் தொலைத்துப் படித்தார்கள். விடுமுறை நாளில் நேர்முக வகுப்புக்குப் போய், தன்னைப் போன்ற நாலு பேரைப் பார்த்துப் பேசித் திரும்பினார்கள். படித்தால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்திருந்தது, கூடப் படிப்பவர் முகமும் தெரிந்திருந்தது. இன்றைய அலுவலக ஆன்லைன் பாடங்களில் இரண்டையும் தேட வேண்டியிருக்கிறது.

பள்ளி ஆசிரியர்களுக்கு மத்திய அரசு நடத்தும் ‘நிஷ்டா’ பயிற்சியும் அப்படித்தான்; அது நேரில் கூட்டி நடத்துவதாகத்தான் 2019-ல் தொடங்கியது. கொரோனா வந்ததும் 2020 அக்டோபரில் ‘தீக்‌ஷா’ தளத்துக்கு மாறியது. நெருக்கடியில் வேறு வழியில்லை. கிராமத்து ஆசிரியரின் கைபேசிக்கே பாடம் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்தான். ஆனால் நேரில் கூடும்போது, ‘எங்கள் பள்ளியில் இது எடுபடாது’ என்று ஒருவர் எழுந்து சொன்னால் பக்கத்து ஊர் ஆசிரியர் எழுந்து பதில் சொல்வார். வீடியோவிடம் அப்படிச் சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு மாலை, குறுவள மையத்தில் பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து அதே வீடியோவைப் பார்த்துச் சண்டை போட்டிருந்தால் பாடம் வகுப்பறைக்குள் போயிருக்கும்.

இப்போது மதுரையின் தனியார் மருத்துவமனைகள், ஜவுளிக்கடைகள், கப்பலூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் வரைக்கும் ஆன்லைன் பயிற்சியை விற்க ஆட்கள் வந்து போகிறார்கள். அவர்களிடம் எத்தனை பாடம் இருக்கிறது என்பதைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. இந்தப் பாடம் முடிந்த மறுநாள் ஊழியர் எந்த வேலையை வேறு மாதிரி செய்வார்? அவர் செய்வதைப் பார்த்துச் சொல்ல மூத்தவர் யார் பக்கத்தில் இருப்பார்? தமிழில் இருக்கிறதா? அரவிந்தின் பயிற்சி நிறுவனமான லைக்கோ, கண் மருத்துவமனை ஊழியர்களுக்காக ‘ஆரோசிக்‌ஷா’ என்ற இணையப் பாடத் தளத்தையே நடத்துகிறது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வது, நிர்வாகம் போன்றவையும் அதில் பாடம். வேலையைத் தெரிந்தவர்களே பாடத்தையும் எழுதுவது அதன் பலம். கப்பலூரில் லேத் ஓட்டும் மூத்த ஃபோர்மேன் கைபேசியில் ஐந்து நிமிடம் பேசி எடுத்த வீடியோ, வெளியிலிருந்து வாங்கிய ஐம்பது மணி நேரப் பாடத்தைவிட அந்தப் பட்டறைக்கு உதவும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி நேரம். இங்கே பிரிட்டனில் 250 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், ஆறு மாதம் வேலை பார்த்தவர் பயிற்சிக்கு நேரம் கேட்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. முதலாளி தகுந்த காரணம் சொல்லி மறுக்கலாம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. அரைகுறைச் சட்டம்தான், ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி கொடுக்கிறது. மதுரையில் ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதரை வரைக்கும் நிற்கும் பெண்ணிடம், ‘வீட்டுக்குப் போய் ஆப்பில் பாடத்தை முடித்துவிடு’ என்று சொல்வது அவர் தூக்கத்திலிருந்து எடுக்கும் வரி. கூட்டம் குறைவான செவ்வாய், புதன் மத்தியானங்களில் முக்கால் மணி நேரம், சம்பளத்தோடு, உட்கார நாற்காலியோடு, மூத்த விற்பனையாளர் ஒருவர் கூட இருக்க, நாலைந்து பேராக அந்தப் பாடத்தைப் பார்க்கட்டும். பார்த்த கையோடு, அன்று மாலை வரும் வாடிக்கையாளரிடம் பட்டின் ஜரிகையைப் பற்றி அவர்களே பேசட்டும்.