எப்போதும், எப்போதாவது

கடல் கடந்து வாழும் உறவினர் இல்லாத இல்லங்கள் காரைக்காலில் அரிது. பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டே பாரிசும் சைகோனும் நம் வீட்டுப் பேச்சில் புழங்கிய பெயர்கள். என் தமக்கை மகனோ டோக்கியோவிற் பணியை நாடிச் சப்பானிய மொழி பயிலத் தொடங்கினான். "இலக்கணம் படித்தவர் நீங்கள், உடனிருங்கள் மாமா" என்றான். யானும் மாணவனானேன்.

அன்றாடப் பேச்சில் காலமுறை உணர்த்தும் வினையடைகளே என்னைப் பெரிதும் கவர்ந்தன. 'இட்சு' என்பது எப்போது. 'மோ' என்பது உம். இரண்டும் சேர்ந்த 'இட்சுமோ' எப்போதும் ஆகிறது. 'டொக்கி' என்றால் நேரம். அது இரட்டித்து 'டொக்கிடொக்கி' எனின் அவ்வப்போது. 'நன்றாக' எனப் பொருள்படும் 'யோகு' என்னும் சொல்லே அடிக்கடி என்பதையும் குறிக்கும். நெருங்கியவரிடையே வழங்கும் 'ஷொச்சூ' அதனினும் மிகுதியானது. முதல், இடை, கடை என்னும் பொருள்தரும் பழைய தொடரின் திரிபு அது. 'தமானி' எப்போதாவது, 'மெத்தனி'யோ, நம் 'ஒருபோதும்' போல, எதிர்மறை வினையையே வேண்டி நிற்கும்.

இவற்றைக் கேட்டிருந்த தமக்கையார், "அங்கே போனபின் எங்களோடு பேசுவதற்கு இதில் எந்தச் சொல்?" என்று வினவினார். "இட்சுமோ, உம்மா" என்றான் அவன். "எப்பவும் வேண்டாம் வாப்பா, வெள்ளிக்கு வெள்ளி பேசு, அது போதும்" என்றார் அவர். அளவில்லாத 'எப்போதும்' என்பதினும் எண்ணத்தக்க 'தோறும்' மெய்யானது என்பதை எந்த இலக்கண நூலும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன், சப்பானியம் தமிழின் சேய் என முழங்க நம் நா துடிக்கும். சப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இவ்விரு மொழிகளின் உறவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும், சென்னைப் பேராசிரியர் பொற்கோவும் அவருக்குத் துணைநின்றனர். ஆயினும் மொழியியலார் பெரும்பாலோர் அம்முடிபினை ஏற்கவில்லை. வினாச் சொல்லோடு உம்மை சேர்ந்து முற்றுப்பொருள் தருவதும், சொல் இரட்டித்துப் பன்மை உணர்த்துவதும் உறவில்லா மொழிகளிலும் காணப்படுவனவே.

மாணவச் செல்வங்களே! உறவு மெய்ப்பிக்கப்படாமையால் தமிழுக்கு இழுக்கில்லை. பிறமொழியைப் பயிலுங்கள், அப்பொழுதுதான் நாம் எண்ணாமலே வழங்கும் 'எப்போதும்' என்னும் சொல்லின் உள்ளே ஓர் உம்மை நின்று உழைப்பது புலப்படும். தாய்மொழிப் பற்று, முழக்கத்தினும் இத்தகைய உற்றுநோக்கலில்தான் வளரும்.