நான்கு தலையணைகள் உள்ள அறை



கடந்த பள்ளி விடுமுறையில் ஓர் இரவு, பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியில் தங்கினேன். அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்ததை ஒட்டி, உடன்பிறந்தோர் மூவரும் பணம் சேர்த்துச் செய்த ஏற்பாடு அது. ஜார்ஜ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த அம்மா, ஃபார்குவார் சாலையில் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பேருந்தில் செல்லும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அதனுள் காலடி எடுத்து வைத்தது அன்றுதான்.

அந்த அறையைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் அமர்ந்தேன். எழுதத் தொடங்கியதும், பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவிக்கு நான் இழைத்த தவறு நினைவில் வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு அறையை மட்டும் எழுத என்னால் இயலவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் விடுதியைப் பற்றிச் சில செய்திகள். 1885ஆம் ஆண்டையே அது தன் பிறப்பாண்டாகக் குறித்துக்கொள்கிறது. அதை நிறுவியவர்கள் பாரசீகத்து இசுபகானிலிருந்து வந்த ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள். சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விடுதியை 1887இலும், இரங்கூனின் ஸ்டிராண்ட் விடுதியை 1901இலும் தொடங்கியவர்களும் அவர்களே. 1920களில் பினாங்கு விடுதி பெரிதாக விரிவாக்கப்பட்டது. 1931இல் சார்க்கீஸ் நிறுவனம் நொடித்துப் போனது. கை பல மாறிய கட்டடம் 1996இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2013இல் விக்டரி அனெக்ஸ் என்னும் புதிய பகுதி சேர்ந்தது. பழைய பகுதி 2019இல் மறுபடியும் செப்பனிடப்பட்டது. எழுத்தாளர்கள் சோமர்செட் மாம், ஹெர்மன் ஹெஸ்ஸே முதலியோர் தங்கிய இடம் என்பது அதன் பெருமைகளுள் ஒன்று.

முகப்புக் கூடத்தின் குவிமாடத்திற்கு நேர் கீழே நின்று பேசினால் நம் குரலே நம்மிடம் திரும்பி வரும். அம்மா அங்கே நின்று மெல்ல "முருகா" என்றார். முருகன் திரும்பி வந்தார். அம்மா சிறுமிபோல் சிரித்தார்.

எங்களுக்குக் கிடைத்தது கடலை நோக்கிய அறை. அறை என்று ஒருமையில் சொல்வதே பிழை. முன்னே அமர்வதற்கு ஒரு கூடம், உள்ளே படுக்கையறை, அதற்கும் உள்ளே குளியலறை. உயர்ந்த கூரை, மரத்தரை, பழங்காலத்துப் பாணியில் எழுதுமேசை, விளக்கு, நாற்காலி. குளியலறையில் தொட்டி தனியாகவும் தூவாலை தனியாகவும் இருந்தன. சன்னலுக்குக் கீழே புல்தரை, தென்னை, நீச்சல்குளம், அதற்கப்பால் கடல். வானம் தெளிந்திருந்ததால் நீரிணைக்கு அப்பால் வடக்கே ஜெராய் மலை தெரிந்தது. அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1025இல் இராசேந்திர சோழன் கடற்படை அனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, "என் அப்பாவும் இந்தக் கடலில்தான் வந்தார்" என்றார்.

தாத்தா 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அக்கப்பலில் மேல்வகுப்புப் பயணிகளுக்கு அறைகள் இருந்தன. தாத்தாவைப் போன்றோருக்குத் தளத்தில் பாய் விரிக்கும் அளவுக்கு இடம். அவர்களைக் கரை இறக்கிய பின், நோய்த்தடுப்புக் காவலுக்காக ஜெரெஜாக் தீவில் தங்க வைப்பார்கள். பினாங்கில் தாத்தா தங்கிய முதல் 'கடற்கரை விடுதி' அதுதான்.

நடைக்கூடத்துச் சுவர்களில் பழைய நிழற்படங்கள் இருந்தன. வெள்ளுடை அணிந்த விருந்தினர்கள், விருந்து மேசைகள், கப்பல்கள். அந்தப் பொன்னான காலத்தை விலைகொடுத்து ஓர் இரவு வாங்கிக்கொள்ளத்தான் நாமும் இத்தகைய இடங்களுக்குச் செல்கிறோம். ஆனால், அந்தப் படுக்கை விரிப்புகளை வெளுத்தவர் யார், குளியல் தொட்டியைத் துலக்கியவர் யார் என்பதைப் படங்கள் சொல்வதில்லை. ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் டோபி காட்டில் நம்மவர்கள் இந்நகரத்தின் துணிகளைத் தலைமுறை தலைமுறையாக வெளுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இனி அந்த மாணவியைப் பற்றி.

2008ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. எங்கும் சுற்றுலாப் பேச்சாகவே இருந்தது. நானும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, "விடுமுறையில் நான் தங்கிய இடம்" என்று கட்டுரைத் தலைப்புத் தந்தேன். எத்தனை பிள்ளைகள் எங்கேனும் சென்று தங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பெரும்பாலோர் சுங்கை பட்டாணியில் பாட்டி வீடு, தைப்பிங்கில் மாமா வீடு என்று எழுதினார்கள்.

ஒரு மாணவி மட்டும் பத்து பெரிங்கிக் கடற்கரையில் உள்ள ஒரு பெரிய விடுதியின் அறையைப் பற்றி எழுதியிருந்தாள். பத்து என்றால் மலாயில் கல். பெரிங்கி என்பது நம் 'பரங்கி'யே. 1948இல் லோன் பைன் விடுதி சவுக்கு மரங்களுக்கிடையே தொடங்கியதையும், 1970களில் பெரிய விடுதிகள் எழுந்ததையும் கண்ட கரை அது.

அவள் எழுதியது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கதவைத் திறந்ததும் முதலில் திரைச்சீலையை விலக்க வேண்டும். அப்போதுதான் தூசு தெரியும். தங்குபவர் இருவரே ஆனாலும் கட்டிலில் நான்கு தலையணைகள் இருக்க வேண்டும். துண்டு தொங்கினால் விட்டுவிட வேண்டும். தரையில் கிடந்தால் மாற்ற வேண்டும். மணல் எப்போதும் குளியலறை மூலையில்தான் சேரும். எல்லாம் முடிந்த பிறகு கண்ணாடியைத் துடைத்தால் அதற்குள் கடல் தெரியும்.

அவளுக்குத் தந்தை இல்லை. தாயார் வேலைக்குச் சென்று காப்பாற்றும் குடும்பம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை அத்தகைய அறையில் தங்கியிருக்க முடியாது என்று முடிவு செய்தேன். எங்கிருந்தோ படியெடுத்திருக்கிறாள் என்றும் முடிவு செய்தேன். 'இருந்தது', 'பார்த்தேன்' என்று வரவேண்டிய இடங்களில் எல்லாம் 'வேண்டும்', 'வேண்டும்' என்று வந்திருப்பதையும் பிழையாகக் கோடிட்டேன். பிறகு சிவப்பு மையில் இப்படி எழுதினேன்: "பார்த்ததை எழுது, பார்த்து எழுதாதே."

அந்தச் சொல்லழகில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர் அறையில் அதை வாய்விட்டுப் படித்தும் காட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய தாயார் பள்ளி வாயிலில் காத்திருந்தார். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மேற்சட்டைக்குக் கீழே சீருடை தெரிந்தது.

"டீச்சர், எம்மவ யாரோடதையும் பார்த்து எழுதல. நான் அந்த ஹோட்டல்லதான் ரூம் கிளீன் பண்றேன். ராத்திரி படுக்கும்போது கத சொல்லுன்னு கேப்பா. எனக்கு என்ன கத தெரியும்? அன்னைக்குச் செஞ்ச வேலையத்தான் சொல்லுவேன். அவ அந்த ரூமப் பாத்ததில்ல டீச்சர். ஆனா நான் பாத்திருக்கேன்ல?"

அவர் குரலில் சினமே இல்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

படியெடுத்த கட்டுரையில் மூலையில் சேரும் மணல் இருக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'வேண்டும்' என்று முடிந்த அந்த வாக்கியங்கள், வேலை செய்யும் ஒரு தாயின் வாய்மொழி என்பதும் புரிந்திருக்க வேண்டும். தங்கப் போனவர் 'இருந்தது' என்பார். துடைக்கப் போனவர் 'வேண்டும்' என்பார். மொழியாசிரியரான எனக்கு அது எட்டவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதியதை அடித்துவிட்டு, முழுப் புள்ளிகள் வழங்கினேன். அவள் தலையசைத்தாள். ஆனால், அடுத்து வந்த கட்டுரைகளில் அவள் தன் தாயைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ ஒரு வரிகூட எழுதவில்லை. மாதிரிக் கட்டுரைகளில் உள்ளவாறே, பழமொழியில் தொடங்கிப் பழமொழியில் முடியும் கட்டுரைகளையே தந்தாள். அவற்றில் பிழையே இருப்பதில்லை. நல்ல புள்ளிகள் பெற்றாள். ஆறாம் ஆண்டை முடித்துச் சென்றாள். மணல் சேரும் மூலையைக் கண்ட அந்தக் கையை நான் திரும்பப் பெறவே இல்லை.

ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டலில் படுக்கையறைக் கதவைத் திறந்தவுடன் என்னை அறியாமலே தலையணைகளை எண்ணினேன். நான்கு. துண்டுகள் மடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். குளியலறை மூலையைக் குனிந்து பார்த்தேன். மாசு மருவில்லாமல் இருந்தது. யாரோ ஒருவர் அங்கே முழங்காலிட்டுத் துடைத்திருக்கிறார். அவரும் இரவு வீட்டுக்குச் சென்று, இந்த அறையைக் கதையாகச் சொல்லக்கூடும்.

மறுநாள் காலையில் நான் விழித்தபோது, அம்மா கட்டிலின் தம் பக்கத்து விரிப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அதற்கு ஆள் இருக்கிறார்கள் அம்மா" என்றேன்.

"அந்த ஆளுக்காகத்தான் செய்கிறேன்" என்றார்.

நாங்கள் பெட்டியுடன் வெளியேறும்போது, தள்ளுவண்டியுடன் ஒரு மலாய்ப் பெண் வாயிலருகே நின்றார். அம்மா அவருடைய கையைத் தொட்டு, "சூடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்ற அந்தக் கேள்விக்கு அவர் முகம் மலர்ந்தது. இருவரும் பிள்ளைகளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார்கள். அந்த விடுதியில் நான் கண்ட வசதிகளுள் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

ஆசிரிய நண்பர்களே, "விடுமுறையில் நான் தங்கிய இடம்" என்னும் தலைப்பை நான் இப்போது தனித்துக் கொடுப்பதில்லை. "என் வீட்டார் ஒருவர் வேலை செய்யும் இடம்" என்பதையும் சேர்த்தே கொடுக்கிறேன், விரும்பியதை எழுதலாம். மீன் சந்தை, பேருந்துப் பணிமனை, மருத்துவமனைச் சமையற்கூடம் என்று எத்தனையோ இடங்கள் வகுப்பறைக்குள் வருகின்றன. ஒரு பிள்ளையின் எழுத்தில் ஐயம் தோன்றினால், சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அதைக் கேட்க எனக்கு அரை நிமிடம் போதும். 2008இல் அந்த அரை நிமிடத்தை நான் செலவிடவில்லை.

பெற்றோர்களே, கதைப்புத்தகம் வாங்கித் தர முடியவில்லையே என்று சிலர் என்னிடம் வருந்துவதுண்டு. இரவில் பிள்ளையின் அருகில் படுத்து, அன்று நீங்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். எதை முதலில் செய்தீர்கள், எதைக் கடைசியில் செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். என் வகுப்பில் நான் கண்ட மிகச் சிறந்த விவரணைக் கட்டுரை அப்படித்தான் பிறந்தது.

அந்த மாணவி இப்போது வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். தன் பிள்ளைக்கு அவள் என்ன கதை சொல்கிறாளோ! அது எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளையின் ஆசிரியர் அதை நம்பட்டும்.