ஆய்வில் பெயர் போட என்ன விலை?



போன நோன்புக்கு முன்னர் எங்களிடம் படித்த ஒரு பொடியன் இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான். இப்போது அவன் பல் வைத்தியர். பேராதனையில் படித்து முடித்து வேலை பார்க்கிறான். வாய், முகம், தாடை சத்திர சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது உயர்தர வகுப்பிலேயே சொன்ன ஆசை. மெசேஜில் இருந்தது இவ்வளவுதான்: "சேர், வெளிநாட்டுக்கு அப்ளை பண்ண ஆய்வுக் கட்டுரை இருந்தா நல்லமாம். காசு குடுத்தா பெயர் சேத்துத் தாறதுக்கு ஆக்கள் இருக்கு. செய்யவா?"

நாங்கள் மூன்று ஆசிரியர்கள். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் கலாசாலையில் செயல்நிலை ஆய்வு என்று ஒன்று செய்ய வேண்டும். எங்களில் இருவர் முந்திய அணியில் ஒருவர் செய்ததை வாங்கி, பாடசாலையின் பெயரையும் மாணவர் தொகையையும் மாற்றி, பைண்ட் பண்ணிக் கொடுத்தோம். சித்தியும் அடைந்தோம். அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று இன்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்டவர்கள் அவனுக்கு என்ன புத்தி சொல்வது?

அதனால் முதலில் விசாரித்தோம். நம் நாட்டில் நிபுணத்துவப் பயிற்சிக்கு ஆள் எடுப்பது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். அங்கே முதல் வாசல் பரீட்சைதான். கட்டுரையில் பெயர் இருப்பதால் அந்தக் கதவு திறக்காது. உள்ளே போன பிறகு பயிற்சியின் பகுதியாக ஆய்வு செய்தே ஆக வேண்டும். அப்போது கை பழகியிராதவன் திணறுவான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல் வைத்திய மாணவர்களின் தேசியப் பரீட்சை 2012 இலிருந்து சித்தி, சித்தியில்லை என்று மட்டுமே சொல்கிறது, புள்ளி இல்லை. இந்தத் துறைக்குப் போகிறவர்கள் மருத்துவ அடிப்படைப் பாடங்களில் இன்னொரு பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் புள்ளிதான் பெரிது. ஆய்வு அதற்கு அடுத்து வரும் பலவற்றில் ஒன்று. ஆனால் நேர்முகத்தில் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால் வாங்கிய பெயர் வாய் திறக்காது.

இதையெல்லாம் சொல்லி, எங்கள் கலாசாலைக் கதையையும் ஒளிக்காமல் சொன்னோம். பொடியன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நம்மட ஊரிலயே ஒண்டு செய்வோமா சேர்?" என்றான். வெத்திலை பற்றி.

வெத்திலை என்றதும் ஒரு பழைய ஆய்வைச் சொன்னான். 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் சேர்ந்தவர்களும் நம் நாட்டுக் கிராமங்களில் செய்தது. பெரிய கருவி எதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார ஊழியர்களைப் பழக்கி, வீடு வீடாக வாய்களைப் பார்க்க வைத்தார்கள். இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே போனார்கள். மற்றவர்கள் போகவேயில்லை. இந்தக் கணக்கு எங்களை விடவில்லை.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்கே மாதக் கணக்கில் போயிற்று. அதற்குள் எங்களுக்குக் கிடைத்த வேலை வினாக்கொத்தைத் தமிழாக்குவது. "நீங்கள் புகையிலை பாவிப்பவரா?" என்று எழுதினோம். எருக்கலம்பிட்டியில் ஒரு மூத்தம்மாவிடம் வாசித்துப் பார்த்தோம். "சீ, நான் சுருட்டுக் குடிக்கிறயா?" என்று கோபப்பட்டார். மடியில் வெத்திலைத் தட்டம், அதில் போயிலைத் துண்டு! கேள்வியை "வெத்திலையோட என்னென்ன சேர்ப்பீங்க?" என்று மாற்றினோம். அப்போதுதான் சரியான பதில்கள் வந்தன. போயிலை இல்லாமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியாயிற்று.

இன்னொரு கேள்வி, "இங்கு எத்தனை வருடமாக வசிக்கிறீர்கள்?" எளிய கேள்வி என்றுதான் நினைத்தோம். "தொண்ணூறுக்கு முந்தியதையும் சேத்தா, சேக்காமலா?" என்று திருப்பிக் கேட்டார்கள். புத்தளத்தில் கழிந்த காலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அகதி முகாமில் பசிக்கு வெத்திலை போடத் தொடங்கியதாகச் சொன்னவர்களும் உண்டு. அதற்குப் படிவத்தில் இடமில்லை. பொடியன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். பிறகு, அதையே ஒரு கேள்வியாகச் சேர்க்க வேண்டும் என்று மறுபடி அனுமதிக்கு அனுப்பினான். காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்தப் பின்பக்கம் அவனுக்குக் கிடைத்திருக்காது.

வாயைப் பார்ப்பது அவன் வேலை. எங்கள் வேலை கதிரை போடுவதும் பெயருக்குப் பதில் இலக்கம் எழுதுவதும். ஒரு சோதனையை மட்டும் எங்களுக்கும் காட்டித் தந்தான். உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்திச் சேர்த்து வாய்க்குள் வையுங்கள். சாதாரணமாகப் போகும். பாக்கினால் கன்னத்தின் உட்சதை இறுகியவர்களுக்குப் போகாது. கடலுக்குப் போகும் ஒரு நானாவுக்கு ஒன்றரை விரல்தான் போனது. "காரம் சாப்பிட ஏலாது, அது வயசு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தான். நானா வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை. காற்று நல்லாயிருக்கு, தொழிலை விட ஏலாது என்றார். இரண்டாவது முறை அவர் மனைவியிடம் பேசினோம். மூன்றாவது முறை பள்ளியில் இஷாவுக்குப் பிறகு பிடித்தோம். நான்காவது முறை எங்களில் ஒருவர் லீவு போட்டு, விடிய பஸ்ஸில் கூடவே போனார். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெத்திலையை விடவேண்டும், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி விட்டார்கள். விட்டுவிட்டாரா? பாதி விட்டிருக்கிறார். அவர் மனைவி சொன்னது.

கட்டுரை இன்னும் எழுதி முடியவில்லை. முடிந்தாலும் அது சின்ன ஆய்வுதான், வெளிநாட்டில் யாரும் அசந்துபோக மாட்டார்கள் என்று அவனே சொல்கிறான். வருகிற பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்கிறான். துஆ செய்யுங்கள்.

இன்னும் ஐந்து பேர் கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு போகாமல் இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. உங்கள் வீட்டு அலுமாரியில், குர்ஆன் தட்டுக்குப் பக்கத்தில், வைத்தியசாலைக் கடிதம் ஏதாவது மடித்து வைத்திருக்கிறதா என்று இன்றைக்குப் பாருங்கள். இருந்தால் எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள். கூட வர ஆள் இருக்கிறது. பஸ் காசும் பார்த்துக்கொள்ளலாம்.