பழைய கணினியும் புதிய நினைவகமும்

நாமக்கல் மாவட்டத்தில் வானளாவி நிற்பது கொல்லிமலை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. காரவள்ளி வழியே அம்மலை ஏறுவோர் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்லுதல் வேண்டும். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் அங்கே செழித்து வளர்கின்றன. விளைந்த பொருள் கீழிறங்கிச் செல்வதும், வாங்கிய பொருள் மேலேறி வருவதும் எளிய செயல்கள் அல்ல. ஆதலின், மலைமேல் வாழ்வோர் ஒன்றை வாங்குமுன் பலகால் எண்ணுவர். வாங்கியதை எளிதில் எறியவும் மாட்டார்.

அத்தகைய மலையில், சோளக்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், மிளகு பயிரிடும் ஓர் இல்லத்தை மாணவர்கள் மனக்கண்முன் கொணர்க. அவ்வில்லத்தில் மேசைக் கணினி ஒன்று உள்ளது. தந்தையின் தம்பி கல்லூரியிற் பயின்ற நாளில், 2013ஆம் ஆண்டில், வாங்கப்பெற்றது அது. இன்று அதனைப் பயன்படுத்துபவள் மேல்நிலை வகுப்பில் பயிலும் மகள். கணினியோ முதுமை எய்திவிட்டது. பொத்தானை அழுத்திய பின்னர் அது விழித்தெழுவதற்குள் உலையில் நீர் கொதித்துவிடும். பாடக் காணொளி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டுரை எழுதப் புகுந்தாலோ, திரை அசைவற்று நின்றுவிடும்.

மிளகு விற்ற பணம் சிறிது தந்தையின் கையில் உள்ளது. கூரையைச் செப்பனிடவும், மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் அப்பணமே வேண்டும். மலையடிவாரத்து நகரில் உள்ள கடைக்காரர், "இது பழம்பொருள், புதியது வாங்குங்கள்" என்கிறார். அண்டை வீட்டாரோ, "ரேம் கூட்டினால் போதும், குதிரைபோல் ஓடும்" என்கிறார். இவ்விரண்டனுள் எதனைக் கொள்வது? இதற்கு விடை காண வேண்டுமாயின், 'ரேம்' எனப்படும் நினைவகம் யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஓர் அடுக்களையை எண்ணிப் பார்க்க. தானியம் நிறைந்த குதிர் ஒரு மூலையில் உள்ளது. அடுப்பருகே ஒரு மேடை உள்ளது. சமைப்பவர் வேண்டியவற்றைக் குதிரினின்று எடுத்து, மேடைமீது பரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். கணினியில் குதிர் போன்றது வன்தட்டு. மேடை போன்றது நினைவகம். சமைப்பவர் போன்றது செயலி. மேடை சிறிதாயின், சமைப்பவர் ஒன்றை வைக்க மற்றொன்றை எடுத்துக் குதிரில் இட்டு வரவேண்டும். ஓட்டத்திலேயே பொழுது கழியும். நினைவகம் நிரம்பிய கணினியின் நிலையும் அதுவே. இடம் போதாமையால் அது சில செய்திகளை வன்தட்டுக்கு அனுப்புகிறது. வேண்டும்போது மீண்டும் கொணர்கிறது. சுழலும் தட்டிலிருந்து எழுதிப் படிக்கும் வன்தட்டோ நினைவகத்தினும் பன்மடங்கு மெதுவானது. ஆதலால் கணினி தளர்கிறது. இந்நிலையில் மேடையை அகலமாக்கினால் பயன் உண்டு. ஆனால், மேடையில் இடம் இருக்கவும் சமைப்பவரே மெதுவாக இயங்குவாராயின், மேடையை எவ்வளவு அகலமாக்கினும் சோறு விரைவில் வேகாது.

இன்றைய நினைவகத்துக்கு வித்திட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் இராபர்ட் டென்னார்டு ஆவார். ஒரு திரிதடையமும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு ஒரு துணுக்குச் செய்தியைக் காக்கலாம் என்று அவர் 1966ஆம் ஆண்டில் கண்டார். 1968ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அம்மின்தேக்கி கசியும் குடம் போன்றது. நொடிக்குப் பன்முறை அதனை மீண்டும் நிரப்பிக்கொண்டே இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் அதிலுள்ள யாவும் மறைந்துபோம். மழைக்காலத்து இரவில் மின்தடை நேருங்கால், சேமியாத கட்டுரை அழிந்துபோவது இதனாலேயே ஆகும். 1970ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த 1103 என்னும் சில்லு 1024 துணுக்குகளையே காத்தது. 1969ஆம் ஆண்டில் மனிதரை நிலவுக்கு வழிநடத்திய அப்போலோ 11 கலத்தின் கணினியில், எழுதி அழிக்கத்தக்க நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட் அளவினதே. கருவியின் பெருமை அதன் அளவில் மட்டும் இல்லை. செய்யும் வேலைக்கு அது பொருந்துவதிலும் உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

குறை எங்கே உள்ளது என்று நாடாமல் மருந்தைத் தேடுதல் அறிவுடைமை ஆகாது. இதற்குக் கொல்லிமலையிலேயே ஒரு நற்சான்று உண்டு. சாமை, தினை முதலிய சிறுதானியங்கள் அம்மலை மக்களின் பழைய உணவு. காலப்போக்கில் அவற்றின் விளைநிலம் சுருங்கியது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு வேண்டிய மரவள்ளி பரவியது. மரவள்ளி கைக்குப் பணம் தந்தது ஒரு காரணம். மற்றொரு காரணமும் இருந்தது. சாமையின் உமியை நீக்குதல் கடும் உழைப்பு. மகளிர் உரலிலிட்டு நெடுநேரம் குத்த வேண்டியிருந்தது. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலை மக்களோடு கூடிப் பணியாற்றியபோது, இக்குறையைக் கண்டது. உமி நீக்கும் சிறு பொறிகள் ஊர்களில் நிறுவப்பெற்றன. மகளிரின் உழைப்பும் குறைந்தது. தானியத்தில் குறையில்லை, அதனைப் பக்குவம் செய்யும் முறையிலேயே குறை இருந்தது. அதனை அறிந்தமையால், பழைய தானியத்தைப் போற்றுதற்கு வழி பிறந்தது.

அவ்வில்லத்து மகளும் இம்முறையையே மேற்கொள்கிறாள். கணினி தளரும் வேளையில், அதிலுள்ள பணி மேலாளர் என்னும் பகுதியைத் திறந்து பார்க்கிறாள். செயலி பாதியளவே உழைக்கிறது. 2 ஜிகாபைட் நினைவகமோ நிரம்பி வழிகிறது. வன்தட்டு ஓய்வின்றி இயங்குகிறது. குறை இருவகைத்து என்பது புலனாகிறது. மேடையும் சிறிது, குதிரும் மெதுவானது.

இனி, குறை தெரிந்த அளவில் வேலை முடிந்துவிடுமோ? முடியாது. மருந்தை ஏற்கும் ஆற்றல் உடலுக்கு உண்டா என்பதையும் ஆராய்தல் வேண்டும். அக்கணினி டி.டி.ஆர். 3 வகை நினைவகத்தை ஏற்பது. டி.டி.ஆர். 4 வகையின் வெட்டுவாய் வேறிடத்தில் அமைந்திருத்தலால், அஃது அங்கே பொருந்தாது. தாய்ப்பலகையும் ஓர் எல்லைக்குமேல் நினைவகத்தை ஏலாது. இவையன்றி மற்றொரு தடையும் உண்டு. 32 பிட் விண்டோஸ் 7 இயங்குதளம் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைப் பயன்கொள்ளாது. அதன் ஸ்டார்ட்டர் பதிப்போ 2 ஜிகாபைட்டோடு நின்றுவிடும். அதில் எட்டு ஜிகாபைட் இடுதல், நாழிக்குள் பதக்கு நெல்லைக் கொட்டுவது போலாம்.

இயங்குதளத்துக்கும் வாழ்நாள் உண்டு. விண்டோஸ் 7க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாள் நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு உரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தோடு, பழைய கணினிகளில் இல்லாத பாதுகாப்புச் சில்லையும் வேண்டுகிறது. ஆகவே, நினைவகத்தை மட்டும் கூட்டி அப்படியை ஏற இயலாது. ஆயினும் வேறு வழி உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் விலையின்றிக் கிடைக்கிறது; தமிழிலும் பணிபுரிய இடம் தருகிறது. இத்தகைய இயங்குதளங்கள் பழைய கணினிக்கும் உயிரூட்ட வல்லன.

விலையையும் எண்ணுதல் வேண்டும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை மிக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கென எழும் பெருங்கணினி நிலையங்கள் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கியதே அதற்குக் காரணம். மைக்ரான் நிறுவனம், இல்லத்தார் வாங்கும் நினைவகங்களைத் தன் குருசியல் என்னும் பெயரில் விற்று வந்ததைக் கைவிடப்போவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. உலகின் மறுகோடியில் எழும் ஒரு கட்டடம் கொல்லிமலை உழவரின் பணப்பையைத் தொடுகிறது! புதிய கணினிக்கும் நினைவகம் வேண்டுமாதலின், அதன் விலையும் இதனால் உயராமல் இராது.

இவற்றையெல்லாம் மகள் ஒரு தாளில் எழுதித் தந்தையின் முன் வைக்கிறாள். கட்டுரை எழுதுதல், பாடக் காணொளி காணுதல், விண்ணப்பம் அனுப்புதல் ஆகியவையே அவளுக்கு வேண்டிய பணிகள். இவற்றுக்குப் புதிய கணினி இன்றியமையாதது அன்று. செயலி 64 பிட் வகையினது. தாய்ப்பலகையில் ஓர் இடமும் ஒழிந்துள்ளது. எனவே, பிரிக்கப்பட்ட பழைய கணினியிலிருந்து எடுத்துச் சோதித்த 4 ஜிகாபைட் நினைவகம் ஒன்றும், வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் சிறிய திண்மநிலை வட்டு ஒன்றும் வாங்கலாம் என்பது அவள் கருத்து.

"இவ்வளவும் செய்தால் இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும், அம்மா?" என்று தந்தை வினவுகிறார்.

"அதனை யாரும் உறுதியாகக் கூற இயலாது, அப்பா. தாய்ப்பலகை பழுதுற்றால் அதன்மேல் ஒரு காசும் செலவிடல் ஆகாது. ஆனால், இந்த வட்டைப் பின்னர் வாங்கும் மேசைக் கணினியிலும் பொருத்தலாம். நினைவகத்தைப் புதிய கணினியில் பொருத்த முடியாது. ஆகையால் நினைவகத்துக்குச் சிறுதொகையே போதும். எல்லாம் சேர்ந்து புதிய கணினியின் விலையிற் பாதியை எட்டுமாயின், இம்முயற்சியையே விட்டுவிடலாம்" என்கிறாள் மகள்.

தந்தை இசைகின்றார். தம்பியின் பழைய படங்களையும் ஏடுகளையும் படியெடுத்து வைத்த பின்னரே கணினியைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறார். அதுவும் நல்லுரையே. கணினியை மீண்டும் வாங்கலாம். அழிந்த நினைவுப் படங்களை எக்கடையிலும் வாங்க இயலாது.

வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன் அதனை ஆராய்தல் அத்துணை இன்றியமையாதது. பழையது என்பதற்காக ஒரு பொருளை எறிவதும் பிழை. பழையது என்பதற்காகவே அதற்கு மேலும் மேலும் செலவிடுவதும் பிழை. குறை இன்னது என்று காணுதல், கருவியின் எல்லையை அறிதல், தன் தேவையை அளத்தல், கையிருப்பை எண்ணுதல் ஆகிய நான்கும் நிறைவுற்ற பின்னரே பணம் பையினின்று வெளிவருதல் வேண்டும். அவ்வாறு எண்ணித் துணிபவர், கணினியை வாங்கினும் வாங்காவிடினும், ஏமாற்றம் அடையார். வருந்தி ஈட்டிய பொருளை வகையறிந்து செலவிடும் அறிவே இளமையிற் பயில வேண்டிய செல்வமாகும்.