பூசையும் பூச்சையும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னர் வருகிற ஊர் தோவாளை. விடியுமுன்பே விழித்துக்கொள்ளும் ஊர் அது. கிழக்கு வெளுப்பதற்குள் பூச்சந்தையில் பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் துளசியும் குவிந்துவிடும். ஓணக் காலத்தில் கேரளத்து வணிகர்கள் திரண்டு வருவார்கள். அரளிப் பூவும் நொச்சி இலையும் கொண்டு இவ்வூர்க் கைகள் கட்டும் மாணிக்கமாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் செக்கர்கிரி சுப்பிரமணிய சுவாமிக்கு ஆண்டுதோறும் மலர் முழுக்கு நடத்தி மகிழும் ஊர்.

இப்படிக் கைநீட்டினால் பூக் கிடைக்கும் இடத்தில், ஒரு பெரியவர் தம் வீட்டின் பின்புறத்தில் தாமே பூ வளர்த்து வந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு பாத்திகள், துளசி, பிச்சி, நந்தியாவட்டை, செவ்வரளி. அவருடைய தாயார் தொடங்கி வைத்த தோட்டம் அது. விலைக்கு வாங்கிய பூவில் பணம் இருக்கும், தண்ணீர் ஊற்றிய பூவில்தான் நாம் இருப்போம் என்பது அந்த அம்மையாரின் எண்ணம். நாள்தோறும் நீராடி, ஈர வேட்டியுடன் பூப்பறித்து, ஒரு முழ மாலை தொடுத்துக்கொண்டு படியேறுவது பெரியவருக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது.

ஒரு ஆனி மாதத்தில் பாத்திகளைக் கொத்தி, பழைய செடிகளைக் கழித்து, மக்கிய சாணத்தூள் கலந்து, மண்ணை மாவுபோல் பொடித்து வைத்தார். நான்காம் நாள் களை பிடுங்கக் குனிந்தவருடைய விரலில் ஈரமாக ஏதோ பட்டது. நாற்றம் என்னவென்று சொல்லிவிட்டது. பூனை!

அன்று இரண்டாம் முறை நீராடினார். பறித்த பூவை அப்படியே விட்டுவிட்டுச் சந்தையில் மாலை வாங்கிக்கொண்டு போனார். சந்நிதியில் நின்றபோது கை வெறுமையாக இருப்பதுபோல் தோன்றியது. மறுநாளும் பாத்தியில் அதே கோலம். அதற்கடுத்த நாள், துளசிப் பாத்தியிலேயே.

அந்துருண்டை போட்டுப் பார்த்தார்; பயனில்லை. அது பூனைக்கு நஞ்சு, குழந்தைகளுக்கும் நஞ்சு என்று பின்னர்தான் அறிந்தார். மிளகாய்த்தூள் தூவினார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் ஆடிக்காற்றைப் பற்றி நாஞ்சில் நாட்டாருக்குச் சொல்லவேண்டியதில்லை. தூவிய தூள் முழுவதும் அவர் கண்ணிலேயே வந்து விழுந்தது. மனைவியார் மோர் கொண்டு வந்து கண்ணைக் கழுவிவிட்டுச் சிரித்தார். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள் வந்து சேர்ந்தாள். திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்துக் கருவுற்றிருந்தாள். காலையில் துளசிக்கு நீர் வார்த்து வணங்குவது அவளுடைய சிறுவயதுப் பழக்கம். பரிசோதனைக்குச் சென்றபோது, வீட்டில் பூனை உண்டா என்று மருத்துவர் கேட்டார். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இருக்கக்கூடும். கருவுற்ற காலத்தில் அது புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு விளையலாம். ஆகவே தோட்ட மண்ணில் கைவைக்க வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

பெரியவருடைய சலிப்பு அன்று சினமாக மாறிற்று. அடுத்த வீட்டு அம்மையாரிடம் சென்றார். கணவரை இழந்து தனியே வாழ்பவர் அவர், பிள்ளைகள் வெளிநாட்டில். நாள்தோறும் மாலையில் அவர் வைக்கும் சோற்றுக்குத்தான் அந்தப் பூனை வருகிறது என்று பெரியவர் அறிவார்.

“உங்க பூச்சைய அடக்கி வையுங்க. இல்லன்னா நான் ஒரு வழி பண்ணிருவேன்” என்றார்.

“அது எம்பூச்சை இல்ல அண்ணாச்சி. வருது, ஒரு பிடி சோறு வைக்கேன். சாப்பிடுற நேரத்துக்கு இந்த வீட்டு வாசலுக்கு வர்றது அது ஒண்ணுதான்.”

பதில் சொல்லாமல் திரும்பினார். முப்பது ஆண்டுகளாகப் பிரசாதமும் பொங்கலும் மாறி மாறிச் சென்ற வேலிக்கு இருபுறமும் அன்றோடு பேச்சு நின்றுபோயிற்று.

கடைத்தெருவில் ஒருவர் யோசனை சொன்னார்: எலி மருந்தைக் கருவாட்டில் தடவி வைத்தால் ஒரே இரவில் தொல்லை தீரும். பெரியவர் வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உயிரைக் கொல்லும் எண்ணத்தோடு பொட்டலம் ஒன்றை வாங்கி, மடியில் மறைத்துக்கொண்டு வந்தார். மனைவியாரிடமும் சொல்லவில்லை.

இரவு உணவுக்குப்பின் பெரியபுராணம் படிப்பது அவருடைய வழக்கம். அன்றைய பக்கம் எறிபத்த நாயனார் புராணம். வேண்டுமென்று தேடி எடுத்ததன்று. முறைப்படி வந்து நின்ற இடம் அது.

கருவூர் ஆனிலைக் கோயில் இறைவனுக்குப் பூக்கொண்டு செல்கிறார் சிவகாமியாண்டார் என்னும் முதிய அடியார். பட்டத்து யானை வெருண்டோடி வந்து பூக்கூடையைப் பறித்துச் சிதறிவிடுகிறது. முதியவர் ஓலமிட்டு அழுகிறார். எறிபத்தர் மழுவோடு பாய்ந்து, யானையையும் பாகர்களையும் வீழ்த்துகிறார். பெரியவருக்கு உடல் சிலிர்த்தது. ‘பூவுக்கு இடையூறு செய்த விலங்கைத் தண்டித்தவர் நாயனாராகவே போற்றப்படுகிறாரே!’ மடியிலிருந்த பொட்டலத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் புராணம் அங்கே முடியவில்லை. புகழ்ச்சோழர் வருகிறார். அடியாருக்குப் பிழை நேர்ந்ததென்றால் யானை இறந்தது போதாது, தம்மையும் கொல்ல வேண்டும் என்று தம் வாளை நீட்டுகிறார். வாளை வாங்கிய எறிபத்தர் நடுங்குகிறார்; இத்தகைய அன்பருக்கா தீங்கு நினைத்தேன் என்று அதைத் தம் கழுத்திலேயே வைத்து அரிகிறார். அப்போது இறைவன் திருவருளால் விண்ணில் ஒரு குரல் எழுகிறது. யானை எழுகிறது, பாகர்கள் எழுகிறார்கள், கூடையில் பூ நிறைகிறது.

பெரியவர் புத்தகத்தை மூடவில்லை. நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்திருந்தார். பூவுக்காக எடுத்த படை, எடுத்தவர் கழுத்துக்கே வந்து நின்றது. இறைவன் கூடையை மட்டும் நிறைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பூவைச் சிதைத்த யானையையும் அல்லவா எழுப்பினான்! எறிபத்தருக்காவது இறந்ததை மீட்டுத்தர ஓர் இறைவன் குரல் வந்தது. பாத்தியோரத்தில் பூனை விறைத்துக் கிடந்தால் அதை எழுப்ப யார் வருவார்? நஞ்சுண்டு சாகும் எலியை உண்ணும் ஆந்தைக்கும் காக்கைக்கும் யார் பொறுப்பு? அந்தக் கையால் பறித்த பூ எந்தச் சந்நிதிக்குப் போகும்?

மறுநாள் பொட்டலம் கடைக்கே திரும்பியது.

கோயில் போற்றியிடம் தம் ஐயத்தைச் சொன்னார். அவர் இளையவர், ஆயினும் நிதானமாகப் பதில் சொன்னார். “மண்ணுல விழுந்த பூவ எடுக்கக்கூடாது, பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. செடியில இருந்து பறிச்ச பூவுக்குத் தோஷம் இல்ல. அந்த ஒரு பாத்தி சுத்தமாகுற வரைக்கும் மத்ததுல பறிங்க. நீங்க கோவத்தோட படியேறி வந்த நாலு நாளும் எனக்கு முகத்துலயே தெரிஞ்சுது.”

கால்நடை மருத்துவர் ஒருவரிடமும் கேட்டார். அவர் சொன்னது பெரியவரைத் திகைக்க வைத்தது. பூனை தன் கழிவைப் புதைக்கும் இயல்புடையது. அதற்கு உலர்ந்த, நெகிழ்ந்த, பொடியான மண் வேண்டும். ஊரிலேயே மெத்தென்ற மண்ணைத் தேடி அலைகிற பூனைக்கு, ஆனி மாதத்தில் மாவுபோல் பொடித்த பாத்தியை அமைத்துக் கொடுத்தவர் பெரியவரே! பகைமையால் வரவில்லை, தூய்மையாக இருக்க விரும்பித்தான் வந்திருக்கிறது. ஒருமுறை போன இடத்தின் வாடை அதை மீண்டும் அழைத்து வருகிறது. நஞ்சு வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

வழிகளும் எளியவையாகவே இருந்தன. அழுக்குப்பட்ட மேல்மண்ணை ஒரு சாண் ஆழம் அள்ளி அப்புறப்படுத்தினார். பூனையின் கழிவு எருவாகாது. அதைக் குழியில் புதைத்து மூடவேண்டும். செடிகளை நெருக்கமாக நட்டார். இடைவெளியில் கூழாங்கற்களைப் பரப்பி, புதிதாகக் கொத்திய இடத்தில் இலந்தை முள்ளைப் படுக்கையாக இட்டார். காலைமட்டும் பாய்ச்சிய நீரை மாலையிலும் தெளித்து மண்ணை ஈரமாக வைத்தார். மகளுக்காகத் துளசியை இடுப்புயர மாடத்துக்கு மாற்றினார். நீர் வார்ப்பது மட்டும் அவள் பணி. மண்ணைத் தொடுவது தாயின் பணி, அதுவும் கையுறை அணிந்து. மலத்திலுள்ள அந்த நுண்ணுயிர் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகுமாதலால், கழிவை அன்றன்றே அகற்றுவது பாதிக் காவல். கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கீரை காய்களை நன்றாக அலசுவதும் மீதிக் காவல்.

ஆனால் விரட்டினால் மட்டும் போதுமா? போக ஓர் இடம் வேண்டுமே! அது வேலிக்கு அப்பால்தான் இருந்தது. எறிபத்தர் கதையில் வாளை முதலில் நீட்டியவர் அரசர் அல்லவா? பெரியவர் ஒரு முழம் பிச்சியைத் தொடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

“தாயி, அன்னைக்கு நான் பேசுனது தப்பு.”

அம்மையார் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “வாங்க அண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்க. எம்மேலயும் தப்பு உண்டு. சோறு வச்சவ மத்ததையும் பாத்திருக்கணும்.”

அவர் வீட்டு முருங்கை மரத்தடியில், மழை படாத மூலையில், உலர்ந்த ஆற்றுமணல் ஒரு குவியலாகக் கொட்டப்பட்டது. சோற்றுத் தட்டு அதன் அருகே, ஆனால் ஒட்டாமல், இடம் மாறியது. மணலை நாள்தோறும் அள்ளிச் சுத்தம் செய்யும் பொறுப்பை அம்மையார் ஏற்றார். பூனைக்குக் கருத்தடை செய்விக்கும் செலவைப் பெரியவர் ஏற்றார். இரண்டு வாரம் பூனை எதற்கும் இணங்கவில்லை. பிறகு முள்ளும் ஈரமும் பிடிக்காமல் மணலுக்குப் பழகியது. அதன் பின்னும் மாதத்தில் ஒருநாள் பழைய பாத்தியை நினைத்துக்கொண்டு வரும். பெரியவர் கையுறையை மாட்டிக்கொண்டு அள்ளிப் போட்டுவிட்டு நீராடப் போவார்.

நாஞ்சில் நாட்டில் பூனையைப் பூச்சை என்பார்கள். கம்பர் பூசை என்று எழுதினார். பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மையே ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார். பூசை என்றாலே வழிபாடும்தான். இருபது ஆண்டுகள் பூத்தொடுத்த பெரியவருக்கு இவ்விரண்டும் ஒரே சொல்லாய் இருப்பது அந்த ஆடியில்தான் கண்ணில் பட்டது.

தை மாதத்தில் பேத்தி பிறந்தாள், நலமாக. பெயர் சூட்டிய நாளில் குன்றுக்கு எடுத்துச் சென்ற மாலையில் துளசியும் பிச்சியும் நந்தியாவட்டையும் இருந்தன. அதைத் தொடுத்தவர் அடுத்த வீட்டு அம்மையார்.