எப்போ நிறுத்தணும்னு நான் சொல்லவே இல்லை

வீட்ல யாருக்காவது எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் நடந்திருந்தா இந்த திரெட்டைப் படிங்க. இதுல தப்பு பண்ணது நான்தான்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஆர்த்தோ வார்டுல நைட் டியூட்டி. ஆபரேஷன் ஆனவர் ராத்திரி வலியில கத்தினா, "வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு நகர்வோம். மார்ஃபின் பூட்டுக்குள்ள இருக்கும். சாவி, ரிஜிஸ்டர், கையெழுத்துன்னு யார் அலையறது? அது தப்பு. முதல் ரெண்டு மூணு நாள் வலி நிஜமாவே கொடுமை. வலிச்சா எழுந்து நடக்க மாட்டாங்க, படுத்தே கிடந்தா காலில் ரத்தம் உறையலாம். அப்போ பாராசிட்டமாலோட டிராமடால் மாதிரி ஒரு ஓபியாய்டு தேவைப்பட்டா கொடுக்கத்தான் வேணும்.

என் அடுத்த தப்பு இதுக்கு நேர் எதிர்.

சின்ன ஊர் அரசு மருத்துவமனை, காலை ஓ.பி. கொத்தனார் ஒருத்தர், நாற்பது வயசு இருக்கும். பைக் விபத்துல கணுக்காலுக்கு மேல எலும்பு முறிஞ்சு, பெரிய ஆஸ்பத்திரியில ராடு வெச்சு அனுப்பியிருந்தாங்க. "வலி தாங்கல சார், அதே மாத்திரை எழுதுங்க." டிராமடால். எழுதினேன். பின்னாடி வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. மறுபடி வந்தார், மறுபடி எழுதினேன்.

நாலாவது மாசம் அவர் மனைவி வந்தாங்க. "மாத்திரை தீர்ந்துட்டா மூக்கு ஒழுகுது, வேர்த்துக் கொட்டுது, உடம்பு வலிக்குதுன்னு ராத்திரி பூரா புரள்றாருங்க." மேசையில ஆறு சீட்டு வெச்சாங்க. ஆறும் என் கையெழுத்து. எத்தனை நாளுக்குன்னு ஒண்ணுலயும் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு நல்லா கூடியிருந்தது. அவர் சொன்னது முறிவு வலியே இல்லை, மாத்திரை கிடைக்காத உடம்போட வலி. டிராமடாலை 2018லயே போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. தெரிஞ்சும், "இது லேசான மாத்திரைதானே"ன்னு எழுதியிருக்கேன்.

"அண்ணே, தப்பு என்னோடதுதான்"னேன். "நீங்க எழுதினீங்க, நான் போட்டேன் சார்"னார். கோபமா சொல்லலை. மனநலப் பிரிவு டாக்டர்கிட்ட கேட்டு, அளவை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்த ஆறு வாரம் ஆச்சு.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு நீங்களே கேளுங்க: இதுல ஓபியாய்டு எது, எத்தனை நாள், எப்படி குறைக்கணும்? வாரக்கணக்கா போட்டிருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க. குடியோட, தூக்க மாத்திரையோட கூடவே கூடாது. வலிப்பு இருந்தாலோ, மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டாலோ முன்னாடியே சொல்லிடுங்க. வயசானவங்களுக்கு தலை சுத்தும், எழுந்திரிக்கும்போது ஒரு கை கொடுங்க. மலச்சிக்கல் வரும், வெட்கப்படாம சொல்லுங்க.

இன்னொண்ணு. மாத்திரை போட்டும் வலி ஏறிக்கிட்டே போய், கட்டு இறுகி, விரலை நீட்டினாலே உயிர் போற மாதிரி வலிச்சா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே வாங்க.

இப்பல்லாம் சீட்டுல "5 நாள் மட்டும்"னு தமிழ்லயே எழுதறேன். கொத்தனார் போன மாசம் வந்தார், பையனுக்குக் காய்ச்சல்னு. காலைப் பத்தி நான்தான் கேட்டேன்.