சோத்தாங்கைப் பக்கம்

அக்ராவில் நாங்கள் தங்கிய ஓட்டலுக்கு நட்சத்திரம் ஏதும் கிடையாது. கீழே சாப்பாட்டுக்கடை, அதை ஒட்டி பீர் குடிக்கிறவர்களுக்கு ஒரு திறந்தவெளி முற்றம். மேலே இரண்டு மாடிகளில் அறைகள். ரயில் நிலையத்துக்கும் நடந்தே போகலாம், மகோலா சந்தைக்கும் நடந்தே போகலாம். அப்பாவுக்கு அந்தத் தகுதி போதும். சுதந்திரம் வந்த சமயத்தில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று கட்டிய அம்பாசடர் ஓட்டலை பஸ்ஸிலிருந்து அம்மா கை காட்டியபோது, "அங்க ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சா, நம்ம வீட்டு ஒரு மாசப் பலசரக்கு போச்சு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அது 1974 ஆகஸ்ட். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, கானாவின் குமாசிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்திருந்தார். கானா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று நம் பக்கத்துப் பட்டதாரி ஆசிரியர்கள் கிளம்பிப் போன காலம் அது; இலங்கையிலிருந்தும் போனார்கள். நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிப்பது, விமான டிக்கெட் எடுப்பது எல்லாம் தலைநகரான அக்ராவில்தான். குமாசியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். வழியில் ன்சவாம் ஊரில் வண்டி நின்றதும் தலையில் ரொட்டித் தட்டுகளோடு பெண்கள் ஓடிவந்து சன்னல்களை அடைத்துக்கொண்டார்கள். ரொட்டிக்குப் பேர்போன ஊர் அது. அம்மா வாங்கியது அக்ரா வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

ஓட்டல் மேசைக்குப் பின்னால் சுவரில் கர்னல் அச்சம்பாங் ராணுவ உடையில் தொங்கிக்கொண்டிருந்தார். 1957-இல் நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த ங்குருமாவை 1966-இல் ராணுவம் கவிழ்த்தது. பிறகு தேர்தல் நடந்து புசியா பிரதமரானார். 1972 ஜனவரியில் அவரையும் அச்சம்பாங் கவிழ்த்தார். அப்பா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபடி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவிடம் தமிழில், "படம்தான் மாறுது, ஆணி அதேதான்" என்றார். மேசைப் பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான். என்ன புரிந்ததோ.

அவன் அசாந்திக்காரன். என் பெயரைக் கேட்டான். பள்ளிப் பெயரைச் சொல்லாமல் "யா" என்றேன். அசாந்திகளும் சேர்ந்த அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்தும் பெயரிடுவார்கள். வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி, வியாழக்கிழமைப் பெண் யா. சாதகத்தை மனப்பாடமாக வைத்திருந்த அம்மாவுக்கு என் கிழமையைச் சொல்ல யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை; அதனால் குமாசியில் கால் வைத்த வாரமே எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. 1900-இல் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போருக்கு நின்ற யா அசந்தேவாவும் வியாழக்கிழமைக்காரிதான் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

எங்கள் அறை இரண்டாவது மாடியில், தெருவைப் பார்த்து. மொசைக் தரை, கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கிற சன்னல், அதற்குமேல் கொசுவலை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி. விசிறியைப் போடவே இல்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, ஆகஸ்டில் அக்ரா மேகம் மூடி, காலையில் போர்வை கேட்கிற அளவு குளிர்ந்து கிடந்தது. அந்த மாதங்களில் கினி வளைகுடாவில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதனால் கரையும் குளிரும், மீனும் குவியும். மீன் குவிவது அம்மாவுக்குச் சோதனையாகிவிட்டது. நாங்கள் சைவம். மகோலாவில் புகைபோட்ட மீனை அடுக்கடுக்காக வைத்து விற்கிற வரிசையைத் தாண்டிப் போகும்போது முந்தானையை மூக்கில் வைத்தவள், ஓட்டலுக்கு வந்துதான் எடுப்பாள்.

குழாயில் தண்ணீர் விடியற்காலையில் வரும், பிறகு வராது. அதற்குள் வாளிகளை நிரப்பிவிட வேண்டும். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை.

மத்தியானமானால் பின்கட்டிலிருந்து 'தும் தும்' என்று உலக்கைச் சத்தம் எழும். ஃபுஃபு இடிக்கிறார்கள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் மர உரலில் போட்டு ஒருவர் நின்றுகொண்டு இடிக்க, இன்னொருவர் உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற அந்த ஒரு நொடியில் கையை விட்டு மாவைப் புரட்டிப் போடுவார். இருவரும் பேசிக்கொண்டே, சில சமயம் சண்டை போட்டுக்கொண்டே செய்வார்கள். கை நசுங்கப்போகிறது என்று தம்பி கண்ணை மூடிக்கொள்வான். ஒருநாளும் நசுங்கவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கடையில் அம்மாவுக்கு ஆகிற பண்டம் வாழைப்பழ வறுவலும் வேகவைத்த யாம் கிழங்கும்தான். அதிலும் எந்தச் சட்டியில் என்ன வெந்தது என்ற சந்தேகம். இரண்டாம் நாளே பெட்டிக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் வெளியே வந்துவிட்டது. குமாசியிலேயே திட்டம் போட்டுத்தான் சேலைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்திருக்கிறாள். அறையில் சமைக்கக் கூடாது என்று கதவின் உள்பக்கம் அச்சடித்து ஒட்டியிருந்தது. சன்னலைத் திறந்துவைத்து, கதவடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அம்மா ரசம் தாளித்தாள். கடுகு வெடிப்பதைத் துண்டு தடுக்குமா? பெருங்காய மணம் மாடிப்படியில் இறங்கிப் போய் மம்மியைக் கூட்டிக்கொண்டு வந்தது.

ஓட்டலின் சொந்தக்காரியை எல்லாரும் மம்மி என்றார்கள். அக்ராவின் பூர்வகுடிகளான கா இனத்தவள். 1924-இல் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த மகோலா சந்தையில் துணிக்கடை வைத்து, அந்தப் பணத்தில் இந்தக் கட்டடத்தை எழுப்பியவள். மகோலாவின் துணி வியாபாரம் பெண்கள் கையில் இருந்தது. மொத்தமாக எடுத்து, கடன் கொடுத்து, வசூலித்து, பிள்ளைகளை லண்டனுக்குப் படிக்க அனுப்பியவர்கள் அவர்களில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. மம்மி காலை முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். தினமும் 'சூசூ' வசூல்காரன் வருவான். அன்றன்றைக்கு ஒரே தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொண்டு போவான். மாசக் கடைசியில் ஒரு நாள் பணத்தைக் கூலியாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவான். மம்மிக்கு வங்கிக் கணக்கும் இருந்தது. ஆனாலும் சூசூ நிற்கவில்லை.

அப்பா கதவைத் திறக்கும்போதே, மன்னிப்புக் கேட்பதற்காக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். மம்மி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பாத்திரத்தைப் பார்த்து, கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். இன்னொரு சொட்டு.

"இது எங்க லைட் சூப்தானே," என்றாள். "மீன் எங்கே?"

தக்காளியும் மிளகாயும் இஞ்சியும் போட்டுத் தண்ணீராக வைக்கிற அவர்களுடைய சூப்பில் மீனோ கறியோ இல்லாமலிருப்பது அவளுக்கு வறுமையாகப் பட்டிருக்க வேண்டும். அன்று மாலை எங்கள் அறைக்கு ஒரு மூடிய தட்டு வந்தது. பொரித்த மீன். அம்மா திருப்பி அனுப்பினால் மரியாதைக் குறைவு என்று அப்பா. உள்ளே வைத்தால் தீட்டு என்று அம்மா. கடைசியில் மேசைப் பையன் சாப்பிட்டான். ஆனால் அடுத்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பின்கட்டில் தனி அடுப்பு கிடைத்தது. மம்மி பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சிறுகிழங்கு முதல் பெண் கல்யாணம் வரை பேசினாள். இருவருக்கும் முழு ஆங்கிலம் கிடையாது. பேச்சு நிற்கவும் இல்லை.

விருந்தினர்களைச் சொல்ல மறந்தேனே. வடக்கிலிருந்து மாடு ஓட்டிவந்து விற்றுவிட்டுக் கோலா கொட்டை வாங்கிப் போகிற, தரை தொடும் அங்கி போட்ட ஹவுசா வியாபாரிகள். டோகோவின் லோமேயிலிருந்து வந்து மம்மியிடம் பிரெஞ்சில் பேரம் பேசுகிற துணிக்காரிகள். மந்திரி அலுவலகத்தில் ஏதோ தாளுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த ஒரு தலைமை ஆசிரியர். சனிக்கிழமை இரவு கீழே முற்றத்தில் ஹைலைஃப் வாத்தியக்குழு. டிரம்பெட்டும் கிதாரும் பன்னிரண்டு மணி தாண்டியும் ஓயாது. மாட்டு வியாபாரிகள் ஆடவில்லை, ஆனால் படுக்கவும் போகவில்லை. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து நாங்களும் பார்த்தோம்.

நாங்கள் தங்கியது அந்த வாரமாக அமைந்தது தற்செயல்தான். 1974 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை முதல் கானா முழுவதும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓட வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. ஆங்கிலேயர் விட்டுப்போன இடப்பக்க வழக்கம் அன்றோடு சரி. கிழக்கே டோகோ, மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே அப்பர் வோல்டா, எல்லாம் பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடுகள், எல்லாவற்றிலும் வலப்பக்கம். லோமே நகரம் கானா எல்லையிலேயே ஒட்டி நிற்கிறது. எல்லைக் கம்பத்தைத் தாண்டிய மறு நொடியே லாரிக்காரன் பக்கம் மாற வேண்டும். சியரா லியோன் 1971-இலும் நைஜீரியா 1972-இலும் மாறிவிட்டிருந்தன. பாக்கி கானாதான். ட்வி மொழியில் "வலம், வலம், நான்கு" என்று பொருள்படும் கோஷம் தேதியையும் பக்கத்தையும் சேர்த்தே மண்டையில் ஏற்றியது. தம்பி அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு திரிந்தான். அந்த ஞாயிறை ஒட்டி நெடுஞ்சாலையில் போவது புத்தியில்லை என்று அப்பா குமாசி திரும்புவதைத் தள்ளிப்போட்டார். அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

மம்மிக்கு இதில் குழப்பமே இல்லை. கானாவில் இடக்கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. ஆளைக் கூப்பிட இடக்கையை நீட்டுவதும் அவமரியாதை. "சாப்பிடுற கைப் பக்கம் போகணும், அவ்வளவுதானே? இத்தனை நாள் வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு மத்தக் கைப் பக்கம் போனோம்" என்றாள். அம்மா உடனே என்னிடம் திரும்பி, "கேட்டியாளா? சோத்தாங்கைப் பக்கம்" என்றாள்.

ஞாயிறு காலை ஓட்டலில் இருந்தவர்கள் எல்லாரும் மாடி வராந்தாவில். இரவு முழுக்க வாசித்த டிரம்பெட்காரர்கூடத் தூங்கவில்லை. கீழே தேவாலயத்துக்குப் போகிற குடும்பங்கள் வெள்ளையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு நடந்தார்கள். முதலில் வண்டியே வரவில்லை. பிறகு ஒரு டாக்ஸி, நடக்கிறவனைவிட மெதுவாக, ஓட்டுநர் கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு, சரியான பக்கத்தில் வந்தது. வராந்தா கைதட்டியது. அவர் கையை உயர்த்தி வணக்கம் வைத்தார். அடுத்து ஒரு சைக்கிள்காரன் பழைய பக்கத்தில் வர, தெருவே "நிஃபா! நிஃபா!" (வலம்! வலம்!) என்று கத்தியது, பாவம், இறங்கி உருட்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில் 'மம்மி லாரி' ஒன்று. பெட்ஃபோர்ட் சட்டத்தின் மேல் மரத்தால் கூடு கட்டி, சந்தைப் பெண்களையும் மூட்டைகளையும் ஏற்றிப் போகிற வண்டி அது. நெற்றியில் 'கடல் வற்றாது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நடுத்தெருவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் வலமா இடமா என்று உதவியாளனைக் கேட்க, அவன் உள்ளே இருந்தவர்களைக் கேட்க, இருபது பேரும் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள்.

திரும்பும் வழியில் பார்த்தால், இடப்பக்கக் கதவு வைத்த பழைய வண்டிகளிலிருந்து சனங்கள் நடுரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு மாறுவதற்கு உத்தரவு மட்டும் போதாதே. அடுத்த மாதம் பாளையங்கோட்டை போனதும் நான் ரோட்டைத் தாண்ட முதலில் இடது பக்கம் பார்க்க, பாட்டி என் சடையைப் பிடித்து இழுத்தாள். ஆப்பிரிக்காவில் பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

1979-இல் அச்சம்பாங்கை இன்னொரு ராணுவ அரசு சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், விலையேற்றத்துக்கெல்லாம் சந்தைப் பெண்களே காரணம் என்று சொல்லி, சிப்பாய்கள் மகோலாவின் முதலாம் எண் சந்தையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். விலை இறங்கவில்லை. அது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மகோலா பிறகு மீண்டும் தழைத்துவிட்டது. இன்றும் அக்ராவின் பெரிய வியாபாரம் அங்கேதான், இன்றும் பெண்கள் கையில்தான்.

அக்ராவுக்குப் போகிறவர்கள் என்னிடம் எங்கே தங்கலாம் என்று கேட்பதுண்டு. கடலைப் பார்த்த பெரிய ஓட்டல்களில் கடல்தான் தெரியும். சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சாதாரண ஓட்டலாகப் பாருங்கள். மேல்மாடியில், தெருவைப் பார்த்த அறையாகக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் வாளியை நிரப்பிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி தூங்க முடியாது, அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.